சேதி வந்த வழியே போன லஸ்கரு

கஜா புயல்ல எங்க வீட்டு கூரைத் தகடு பறந்து போயி மூணு வீடு தள்ளி ஒருத்தர் மாட்டுக்கொட்டா மேல உக்காந்துச்சு பாருங்க, அதுக்கு மூணாவது வருஷம். கொரோனா ரெண்டாந்தடவையா வந்து டீக்கடையெல்லாம் சாத்திக் கெடந்த வைகாசி மாசம். மேட்டூரு இன்னும் தொறக்கல. வருஷம் என்னன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது. புயல வச்சும் அறுப்ப வச்சும்தான் நமக்கு கணக்கு.

அந்த வைகாசியில எங்க வீட்டுல பெரிய கவலை ஒண்ணு. மருமவளுக்கு நெற மாசம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில பாத்துட்டு, ஒடம்புல ரத்தம் கொறைவா இருக்கு, அதுவும் பி நெகட்டிவ், லேசுல கெடைக்காத ரத்தம், இந்த கொரோனாவுல முகாமும் கெடையாது, எங்ககிட்ட இருப்பு இல்ல, பத்து நாளைக்குள்ள குடுக்கறதுக்கு ஒரு ஆள தயாரா வச்சுக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மவன் சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டான். வீட்டுல நானும் அவளும்தான். நான் எழுதப் படிக்கத் தெரியாத ஆளு. அஞ்சு மா நெலத்துல பாடுபட்டு, அந்த மண்ணத்தான் படிச்சிருக்கேன்.

இங்கதான் லஸ்கர பத்தி சொல்லணும். லஸ்கருன்னா அது பேரு இல்ல. ஆத்துலேருந்து வாய்க்காலுக்கு ஷட்டர தொறந்து விட, மூட, கரைய பாத்துக்க கவர்மெண்டுல வச்சிருக்கிற ஆளுக்கு எங்க பக்கம் அப்படி சொல்றது. இவரு ரிட்டேடு ஆயி நாலஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு, ஆனாலும் லஸ்கருதான். சர்ச்சுத் தெரு. பேரு இருந்துச்சு, நல்ல பேரு, பைபிள்ல வர்ற பேரு. அதை சொல்லிக் கூப்புட்ட ஆள நான் பாத்ததில்ல. அவரு பொண்டாட்டியே "உங்க லஸ்கரு எங்கங்க"ன்னுதான் கேக்கும்.

ஆளு ஒல்லி. நட்டு வச்ச மூங்கில் கழி மாதிரி இருப்பாரு. சட்டப் பையில போனு, அதுக்கு மேல ஒரு பால் பாக்கெட்டு கவரு சுத்தியிருக்கும், மழைக்கு. சித்திரை வெயில்லயும் சுத்தியிருக்கும். ஏன்யான்னா, "மழை சொல்லிட்டா வருது"ம்பாரு.

அவருகிட்ட ஒரு கொணம். நீங்க என்ன சேதி சொன்னாலும் ஆமான்னு சொல்ல மாட்டாரு. இல்லன்னும் சொல்ல மாட்டாரு. "இருக்கலாம். பாத்துட்டு வர்றேன்." அவ்வளவுதான். சொல்லிட்டு நெசமாவே கெளம்பிடுவாரு. அதுதான் எங்களுக்கு ஆத்தாமை. ஒரு தடவை எங்க ஊரு பழைய தலையாரி செத்துப் போயிட்டாருன்னு சேதி வந்து, நாங்க மாலைக்கு ஆள் அனுப்பிட்டோம். இவரு பாத்துட்டு வர்றேன்னு போனாரு. போனா தலையாரி வாசல்ல உக்காந்து நீராகாரம் குடிச்சிக்கிட்டு இருக்காரு. செத்தது அவரு பங்காளி. "அண்ணே, நீங்க செத்துட்டதா சொன்னாங்க, அதான் கேட்டுட்டு போவலாம்னு வந்தேன்"ன்னு இவரு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காரு. தலையாரி செம்பத் தூக்கி அடிச்சாராம். இவரு திரும்பி வந்து நெத்திய தடவிக்கிட்டே, "இல்ல, சாவல, கை நல்லா வீசுது"ன்னாரு.

கோயிலா இருந்தாலும் அப்படித்தான். ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாதிரியாரு பிரசங்கம் பண்ணிட்டு எறங்கினா, இவரு வாசப்படியில நின்னு, "ஐயா, அந்த வசனம் எத்தனாவது அதிகாரம்"னு கேப்பாராம். பாதிரியாரு இவரப் பாத்தாலே செருப்பத் தேட ஆரம்பிச்சுடுவாருன்னு அந்தத் தெருவுல சிரிப்பாங்க.

எப்படி இந்த புத்தி வந்துச்சுன்னு நான் ரொம்ப நாளு யோசிச்சிருக்கேன். தண்ணியோட இருந்ததால வந்துதோ என்னமோ. நாங்க கடைமடை. ஒரு வருஷம் தாளடிப் பயிரு நிக்குது, தண்ணி வரல. வாய்க்கால்ல எங்களுக்கு மேல தண்ணி வாங்குற மேலூர்க்காரன் அடைச்சுட்டான்னு சேதி. கம்பு, கடப்பாரை எல்லாம் எடுத்தாச்சு. நானும் ஒரு மம்பட்டிய தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன், எதுக்குன்னு எனக்கே தெரியாது. இவரு வந்து, "இருக்கலாம். ஒரு அரை நாளு குடுங்க, பாத்துட்டு வர்றேன்"ன்னு வாய்க்கால் கரையோட மேல நடந்தாரு. தண்ணி எந்தப் பக்கம் வருதோ அதுக்கு எதுக்க நடக்கறது. அதுதான் அவரு வேலை. சாயந்தரம் வந்தாரு, இடுப்பு வரைக்கும் சேறு. குறுக்கால ஒரு சிமிட்டி கொழாய் இருக்குது, அதுக்குள்ள ஒரு பாயும் தலவாணியும் போயி அடைச்சிருக்கு. சாவு வீட்டுல செத்தவங்க பாய கொண்டுபோயி தண்ணியில போடுவாங்களே, அது. யாரு வூட்டுப் பாயின்னு பாத்தா எங்க தெரு கெழவி ஒருத்தியோடது. மேலூருக்கு வாக்கப்பட்ட மவ வீட்டுல செத்துச்சு, எங்க ஆளுங்கதான் தூக்கியாந்தப்ப அங்கயே வீசிட்டு வந்திருக்காங்க. கம்பு எடுத்தவன்லாம் பேசாம வீட்டுக்குப் போனான்.

ரிட்டேடு ஆனப்புறம் வாய்க்கால் போச்சு. அந்த நேரம் பாத்து எல்லாரு கையிலயும் வாட்சப்பு வந்துடுச்சு. அவ்வளவுதான், மனுசனுக்கு புது வாய்க்கால் கெடைச்சாப்ல ஆயிடுச்சு.

கொரோனா ஊசி வந்த புதுசுல, ஊசி போட்ட கையில காசு ஒட்டும்னு ஒரு படம் சுத்துச்சு. உடம்புக்குள்ள காந்தம் வச்சு போடுறான்னு. லஸ்கரு அப்பவே முத ஊசி போட்டுக்கிட்டவரு. ஒரு நாளு மத்தியானம் ஒத்த ரூவா காசோட எங்க வீட்டுக்கு வந்தாரு.

"அண்ணே, உங்களுக்கு இன்னும் ஊசி போடல இல்ல?"

"போடல. போடவும் மாட்டேன்."

"சரி. கைய நீட்டுங்க."

என் மேல்கையில காச வச்சு அமுக்கினாரு. ஒட்டிக்கிச்சு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. அவரு கையிலயும் வச்சாரு, ஒட்டுச்சு. அப்பறம் ரெண்டு பேரு கையையும் சோப்பு போட்டு கழுவி, துண்டால தொடச்சு, திரும்பி வச்சாரு. ரெண்டு கையிலேருந்தும் காசு பொத்துன்னு விழுந்துச்சு. "வேர்வைண்ணே"ன்னுட்டு காச பையில போட்டுக்கிட்டு கெளம்பிட்டாரு. தண்ணி கூட குடிக்கல. அவருக்கு வேண்டியது கெடைச்சிடுச்சு.

இன்னொண்ணு, பொம்பளைங்க வீட்டுக்கு விலக்கா இருக்கிற நாள்ல ஊசி போடக்கூடாதுன்னு வந்துச்சு. நம்ம வயசு ஆம்பள அதை வாயத் தொறந்து கேப்பானா? இவரு பள்ளிக்கூடத்துல ஊசி போடுற எடத்துல அத்தன பேரு வரிசையில நிக்கிறப்ப, நர்சம்மாகிட்ட போயி சத்தமா கேட்டுட்டாரு. பொம்பளைங்கள்லாம் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நிக்குதுங்க. நர்சம்மா, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, எந்த நாள்லயும் போடலாம்"னு சொன்னதும், இவரு வரிசையப் பாத்து, "கேட்டுக்கிட்டீங்களா"ன்னாரு. வீட்டுக்குத் திரும்பப் போன நாலஞ்சு பொண்ணுங்க அன்னிக்கு திரும்பி வந்து போட்டுக்கிச்சுங்க.

இப்ப மருமவ கதைக்கு வர்றேன். பேச்சு வளந்துடுச்சு.

பி நெகட்டிவ் எங்க ஊருல ரெண்டே பேரு. ஒரு பொண்ணு, வேதாரண்யத்துல கட்டிக் குடுத்தது, கைக்கொழந்தக்காரி, அதுகிட்ட கேக்க முடியாது. இன்னொருத்தன் அறுப்பு மிஷினு டிரைவரு. எப்பவோ ஒரு முகாம்ல ரத்தம் குடுத்து அட்டை வச்சிருக்கான். ஊரடங்கால மிஷின நிறுத்திட்டு வீட்டுலதான் இருந்தான். நல்ல ஆளு, கேட்டதும் சரின்னுட்டான். எனக்கு வயித்துல பால வாத்தாப்ல இருந்துச்சு.

மறுநாள் மருமவ போனப் பாத்துக்கிட்டே அழுவுறா. என்னம்மான்னேன். படிச்சுக் காட்டினா. "தஞ்சாவூர் பெரிய டாக்டர் எச்சரிக்கை. கொரோனா ஊசி போட்டவங்க ரத்தத்தை ஆஸ்பத்திரியில வாங்க மாட்டேங்குறாங்க. அந்த ரத்தம் கர்ப்பிணிக்கு ஏத்தினா தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து. குடுத்தவனுக்கும் ஆபத்து. பத்து பேருக்கு அனுப்பவும்." டிரைவருக்கு வயசு நாப்பத்தாறு, அவன் சித்திரை மாசம் பொறக்கறதுக்கு முன்னாடியே ஊசி போட்டுக்கிட்டான்னு எல்லாருக்கும் தெரியும்.

"மாமா, எனக்கு அந்த ரத்தம் வேணாம் மாமா"ன்னா.

நானும் வேணாம்னுதான் சொன்னேன். சத்தியமா சொல்றேன். பெரிய டாக்டரே சொல்றாரேன்னு.

டிரைவரோட அம்மாவும் அதே சேதிய பாத்திருக்கு. அது தாலியறுத்து ஒத்தப் புள்ளைய வளத்த பொம்பள. நாப்பத்தாறு வயசுப் புள்ளைக்கு இன்னும் தலைக்கு எண்ண வச்சு விடும். "எம் புள்ள ரத்தத்துல கை வைக்காதீங்க"ன்னு ஆள் மூலமா சொல்லி அனுப்பிச்சிடுச்சு. வேற ஆளுக்கு கும்பகோணம், மன்னார்குடின்னு போனு போட்டோம். ஒருத்தனும் கெடைக்கல. பத்து நாள்ல மூணு போயிடுச்சு.

நாலாம் நாளு லஸ்கரு வந்தாரு. மருமவ போன வாங்கி எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை படிச்சாரு.

"இருக்கலாம். உனக்கு இத யாரும்மா அனுப்பினா?"

"டிரைவர் அம்மாவோட குரூப்புலேருந்து வந்துச்சு பெரியப்பா."

"பாத்துட்டு வர்றேன்."

எனக்கு கோவம் வந்துடுச்சு. "யோவ், இங்க ஆளு தேடணும்யா. நீ போயி வாட்சப்ப தேடிக்கிட்டிருக்கியே"ன்னேன். அவரு டிவிஎஸ்ஸ ஒதைச்சுக்கிட்டே, "அடைப்பு எங்கன்னு தெரியாம எந்த மடைய தொறக்கறதுண்ணே"ன்னுட்டு போயிட்டாரு.

எப்படி போனாருன்னு அப்பறம் சொன்னாரு. டிரைவர் அம்மாவுக்கு அனுப்பினது அது தம்பி, நாகூர்ல பாத்திரக்கடை. அங்க போலீசு விடாது, போனுல கேட்டிருக்காரு. அவனுக்கு அனுப்பினது திருவாரூர்ல ஒரு தையக்காரரு. தையக்காரருக்கு எங்க ஊரு டீக்கடைக்காரன் பொண்டாட்டி, அது அவருக்கு மச்சினிச்சி முறை. ஒவ்வொருத்தருகிட்டயும், உங்களுக்கு வந்தது எப்படி இருந்துச்சு, நீங்க அனுப்பினது எப்படின்னு ரெண்டையும் கேட்டு வாங்கியிருக்காரு. கர்ப்பிணின்னு சேத்தது நாகூரு. அவன் மவ முழுகாம இருந்துச்சாம், பயத்துல சேத்துட்டானாம். குடுத்தவனுக்கும் ஆபத்துங்கிறது தையக்காரரு, அவரு சும்மா ஒரு எச்சரிக்கையா இருக்கட்டுமேன்னு. எல்லாரும் நல்லதுக்குத்தான் பண்ணியிருக்காங்க. ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் கெடையாது. அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்.

ஆறாம் நாளு காலையில எங்க வீட்டுக்கு வந்து, கொல்லப் பக்கம் நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டு இருந்த எடத்துல குந்துனாரு.

"அண்ணே, சித்திரையில, கடை சாத்தறதுக்கு முன்னாடி, டீக்கடையில நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்த சொன்னேன்?"

"உங்க மச்சினன பத்தி."

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. என் மச்சினன் யாருக்கோ ரத்தம் குடுக்க தஞ்சாவூரு போயிட்டு, வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு திரும்பி வந்தான். நான் டீ கிளாச கையில வச்சுக்கிட்டு, "ஊசி போட்டவன் ரத்தத்த ஆஸ்பத்திரியில வாங்க மாட்டேங்குறான்யா"ன்னு சொன்னேன். ஒரே ஒரு தடவை. டீ ஆறிக்கிட்டு இருந்துச்சு, பேச வேற சேதி இல்ல.

"உங்க மச்சினனுக்கு போனு போட்டேண்ணே. அவரு ஊசி போட்டு நாலே நாள்ல போயிருக்காரு. கொஞ்ச நாளு கழிச்சு வாங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. அந்த நாலு நாளு உங்க வாயில வரல."

கையில இருந்த வைக்கோல அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னேன். நான் சொன்னது ஊர சுத்தி, டாக்டர் வேஷம் போட்டுக்கிட்டு, என் வீட்டுக்கே வந்து என் மருமவள அழ வச்சிருக்கு. எனக்கே அது அடையாளம் தெரியல. நானே அதுக்கு பயந்துட்டேன்.

அவரு திட்டல. "கெளம்புங்க, ஆஸ்பத்திரியில நேருல கேட்டுடுவோம்"ன்னாரு. ஆஸ்பத்திரி சீட்ட காட்டி ரெண்டு எடத்துல போலீசத் தாண்டிப் போனோம். ரத்த வங்கியில ஒரு பொண்ணு, கண்ணு மட்டும்தான் தெரியுது, மிச்சமெல்லாம் மூடியிருக்கு. லஸ்கரு கேட்டாரு. "ஊசி போட்டு பதினாலு நாள் ஆயிடுச்சுன்னா தாராளமா குடுக்கலாங்க. முன்னாடி இருவத்தெட்டு நாளுன்னு இருந்துச்சு, இப்பதான் கொறச்சிருக்காங்க. ஏத்திக்கிறவங்களுக்கும் ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லிச்சு. லஸ்கரு விடுவாரா. "எங்கம்மா எழுதியிருக்கு?" செவுத்துல ஒட்டியிருந்த காயிதத்த காட்டிச்சு. கிட்டப் போயி வெரல வச்சு படிச்சாரு. எனக்கும் ஒரு தடவை படிச்சாரு. அப்பறம் எடை எவ்வளவு இருக்கணும், சக்கரை மாத்திரை போடுறவங்க குடுக்கலாமா, பச்சை குத்தினா என்னன்னு ஒண்ணு ஒண்ணா கேக்க ஆரம்பிச்சாரு. பின்னாடி நின்ன ஆளு, "தாத்தா, பரீச்சையா எழுதப் போறீங்க"ன்னான். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே எல்லாத்துக்கும் பதில் சொல்லிச்சு. ஆளுக்கு ஆளு மாறும், இங்க வந்தா நாங்க பாத்துட்டுத்தான் எடுப்போம்னும் சொல்லிச்சு.

திரும்பறப்ப, "டிரைவர் வீட்டுக்கு நீ வந்து சொல்லுய்யா"ன்னேன்.

"நான் வர மாட்டேண்ணே. நீங்க போங்க. நான் சொன்னா அது இன்னொரு சேதி. நீங்க சொன்னாத்தான் பழைய சேதி ஓடாம நிக்கும்."

போனேன். வேலிப் படல்கிட்ட நின்னு, நடந்தத அப்படியே சொன்னேன், மச்சினன், நாலு நாளு, டீக்கடை எல்லாம். அந்தம்மா மொறத்துல அரிசி பொடைச்சுக்கிட்டே கேட்டுச்சு. முடிச்சதும் நிமிந்து, "ஓகோ. அந்த தஞ்சாவூர் பெரிய டாக்டரு நீங்கதானா"ன்னுச்சு.

நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன்.

"டாக்டரய்யா, நீங்க ஊசி போட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"ஏன்?"

"பயந்தான்."

"உங்க ஒடம்புக்கு பயம். எம் புள்ள ஒடம்புன்னா ரத்தத்த குடுன்னு படல்ல வந்து நிக்கிறீங்க. மொதல்ல நீங்க போயி போட்டுக்கிட்டு வாங்க. உசுரோட இருக்கீங்களான்னு பாத்துட்டு சொல்றேன்."

நாயந்தானே. மறுநாளு, அது ஏழாம் நாளு, பள்ளிக்கூடத்துல போயி வரிசையில நின்னேன். ஊசி எறும்பு கடிச்சாப்லதான் இருந்துச்சு. ராத்திரி காய்ச்ச வந்துடுச்சு. எட்டாம் நாளு போர்வைய போத்திக்கிட்டு படுத்திருக்கேன், வாசல்ல நெழலு. அந்தம்மா. கஞ்சித் தூக்கோட வந்து எட்டிப் பாக்குது. "என்ன டாக்டரு, இருக்கீங்களா?" "இருக்கேம்மா." நெத்தியில கைய வச்சுப் பாத்துச்சு. "இது ஒரு காய்ச்சலா. எம் புள்ளைக்கு இதவிட அடிச்சுச்சு"ன்னுட்டு, கஞ்சிய வச்சுட்டுப் போயிடுச்சு. போறப்ப மருமவள பாத்து வயித்துல கைய வச்சுச்சு.

ஒம்பதாம் நாளு காலையில புள்ளையையும் கூட்டிக்கிட்டு அதுவே தஞ்சாவூருக்கு கெளம்பிடுச்சு. ரத்தம் எடுக்கறப்ப அவன் இன்னொரு கைய புடிச்சுக்கிட்டு உக்காந்துச்சாம். நாலு நாளு கழிச்சு ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. அந்த ரத்தம்தான் ஏத்துனாங்க. பொம்பளப்புள்ள. தாயும் புள்ளையும் நல்லபடியா வந்தாங்க. அதுலேருந்து அந்தம்மாவுக்கு எங்க வீட்டுல பாதி ஆட்சி. என்னைய டாக்டருன்னுதான் கூப்புடும்.

புள்ள பொறந்ததுக்கு லஸ்கருக்கு சக்கரை எடுத்துக்கிட்டு போனேன். வாயில போட்டுக்கிட்டு எங்கயோ பாத்துக்கிட்டு இருக்காரு. என்னய்யா யோசனைன்னேன்.

"அண்ணே, மிச்சமெல்லாம் ஆள் கெடைச்சுடுச்சு. அந்த 'பெரிய டாக்டர்'ங்கிறது எந்த எடத்துல சேந்துச்சுன்னு மட்டும் தெரியல. டீக்கடைக்காரன் பொண்டாட்டி அனுப்பறப்ப இல்ல. தையக்காரருக்கு வர்றப்ப இருக்கு. நடுவுல யாரும் இல்ல. எப்படிண்ணே?"

எனக்கு என்ன தெரியும். அதுக்கப்பறம் ரெண்டு வருஷம், பாக்கறப்பல்லாம் அத பேசுவாரு. கடைசியா ஒடம்பு முடியாம மவ வீட்டுக்குப் போனப்பவும் போனு போட்டு, தையக்காரரு பழைய போன வித்துட்டாராம், இனிமே கண்டுபுடிக்க முடியாதுன்னு வருத்தப்பட்டாரு. அந்த வருத்தத்தோடதான் கண்ண மூடினாரு. ஒரு மனுசனுக்கு இப்படி ஒரு கவலையான்னு எனக்கு அப்ப சிரிப்பா இருந்துச்சு. இப்ப இல்ல.

இத நீங்க நாலு பேருகிட்ட சொல்லணும். ஊசி போட்டவங்களும் ரத்தம் குடுக்கலாம்னு சொல்லுங்க. ஆனா பதினாலு நாளுங்கிறது அந்த வைகாசியில அந்தப் பொண்ணு சொன்னது. எந்த ஊசிக்கு எத்தன நாளு, இன்னிக்கு என்ன கணக்குங்கறது எனக்குத் தெரியாது. நான் சொன்னேன்னு அப்படியே எடுத்துட்டுப் போயிடாதீங்க. போற வழியில எங்கயாவது ரத்தம் எடுக்கிற ஆஸ்பத்திரி இருக்கும். உள்ள போயி ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு, அப்பறம் சொல்லுங்க.